முதலில பேரைப் பதி, பேந்து பவுசு காட்டு

வாடகை கூடிப்போச்சு எண்டு அழுகிறாய், மோனை. சம்பளத்தில பாதி பேஸ்மென்ற்காரனுக்கு. மிச்சத்தில பாதி காருக்கும் அதின்ர இன்சூரன்சுக்கும். சரி, ரொறன்ரோ நகரசபையின்ர ஹவுசிங் லிஸ்ற்றில பேரைப் பதிஞ்சனியோ எண்டு கேட்டால் மூஞ்சையைச் சுளிக்கிறாய். "அது ஏலாத ஆக்களுக்கெல்லோ அப்பு" எண்டு வேறை சொல்லுறாய். ஓமோம். நீ ஏலுமான ஆள். அதுதான் மாசக் கடைசியில அரிசிக்கும் மாவுக்கும் கிரெடிற் காட் தேயுது.

ஆர் என்ன சொல்லுவினம் எண்டு பயப்பிடுறாய்? எனக்குத் தெரியும் அவையை. மகளின்ர சாமத்தியவீட்டுக்கு ஹெலிகொப்டர் பிடிச்ச சனம். வீட்டுக்கு ஒரு கடன், அந்தக் கடனுக்கு மேல இன்னொரு கடன், வாசலில லீசுக்கு எடுத்த பென்ஸ். கலியாண ஹோலில உன்னைக் கண்டால் "தம்பி, இன்னும் வீடு வாங்கேல்லையோ?" எண்டு கேப்பினம். கேட்டுப்போட்டு மட்டன் ரோல்ஸ் எடுக்கப் போயிடுவினம். பதிலைக் கேக்கக்கூட நிக்கமாட்டினம். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நீ பேரைப் பதியாமல் இருக்கிறாய். அவை உன்ர வாடகையில ஒரு சதம் கட்டுவினமோ? அப்ப அவையின்ர வாயோட உனக்கென்ன அலுவல்?

எங்கட சனம் முதல் முதல் வந்து இறங்கேக்கை எங்கை இருந்தது எண்டு நினைக்கிறாய்? வெல்லெஸ்லி, பார்லிமென்ற் சந்தியில, சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில. ஒரு அறைக்குள்ள அஞ்சாறு பொடியள் மாறி மாறிப் படுத்தாங்கள். இரவு வேலைக்குப் போறவன் எழும்ப, பகல் வேலை முடிச்சவன் அந்தச் சூட்டிலயே சரியிறது. இப்ப பெரிய வீட்டில இருந்துகொண்டு அந்தப் பக்கத்தால காரில போகேக்கை கண்ணாடியை ஏத்துகினம். ஏத்தட்டும். குளிராக்கும்.

இனி விசயத்துக்கு வாறன். காதைத் தீட்டிக்கொண்டு கேள்.

ரெண்டு வகை வீடு இருக்கு. ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சுத்தான் அரைவாசிச் சனம் குழம்புறது. ஒண்டு, உன்ர வருமானத்தைப் பாத்து வாடகை போடுற வீடு. மற்றது, ஊர்ச் சந்தையைப் பாத்து அதில கொஞ்சம் குறைச்சுப் போடுற வீடு. முதல் வகையில கணக்கு வலு லேசு: குடும்ப வருமானத்தில 30 வீதம். வருமானம் எண்டால் நீ ஹோலில புழுகிற வருமானம் இல்லை. வருஷா வருஷம் வரிக்காரன் அனுப்புற தாள் இருக்கெல்லோ, அதில 23600 எண்டு ஒரு வரி கிடக்கு. நிகர வருமானம். அதில இருந்துதான் கணக்குத் தொடங்கும். பிள்ளையளுக்கு மாசம் மாசம் வாற காசு அந்த வரிக்குள்ள வராது. வெல்ஃபெயார் எடுக்கிறவைக்கு வேறை அட்டவணை இருக்கு, அது உனக்கு இப்ப வேண்டாம்.

நீயும் மனிசியும் சேந்து வருஷத்துக்கு 30,000 டொலர் எண்டு வை. மாசம் 2,500. அதில 30 வீதம் 750. ரொறன்ரோவில 750 டொலருக்கு உனக்கு ஆர் வீடு தருவான்? கார் நிப்பாட்டுற கராஜ்கூடத் தரமாட்டான். வேலை போனால் வாடகையும் இறங்கும், அதைச் சொல்லவேண்டியது உன்ர பொறுப்பு. நல்ல வேலை கிடைச்சால் வருஷ மீளாய்வில ஏறும், அப்ப அதையும் மறைக்காமல் சொல்லவேணும். எங்கட ஆக்கள் முதலாவதை ஓடிப்போய்ச் சொல்லுவினம். ரெண்டாவதுக்கு நாக்கு எழும்பாது.

மற்ற வகைக்கு வா. சந்தையில ஒற்றை அறை வீட்டுக்குச் சராசரி வாடகை 1,700 எண்டு வைப்பம். அதில 80 வீதம் எண்டால் 1,360. உன்ர வருமானம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, 1,360 தான். வேலை போச்சு எண்டு போய் நிண்டால், "அப்பிடியோ, பாவம்" எண்டு சொல்லிப்போட்டு 1,360 ஐக் கேப்பினம். அதுக்காக அது கூடாத வீடு எண்டு நான் சொல்லேல்லை. நிரந்தர வேலை உள்ளவனுக்கு நல்ல வீடு. ஆனால் கனக்கக் கட்டடங்களில வருமானத்துக்கு மேல்வரம்பு இருக்கு, வாடகையின்ர நாலு மடங்குக்கு மேல உழைக்கக்கூடாது எண்டு. அப்ப உழைக்காதவனுக்கும் கட்டாது, நல்லா உழைக்கிறவனுக்கும் கிடையாது. நடுவில நிக்கிறவனைத்தான் தேடுகினம்.

உந்த ரெண்டாவது வகையிலதான் பெரிய முசுப்பாத்தி நடக்கிறது. மந்திரிமார் தலையில மஞ்சள் தொப்பியோட வருவினம். புது மண்வெட்டி. துடைச்சு வைச்ச மண். படம் எடுப்பினம். "இத்தினை நூறு வீடு, சாதாரண சனத்துக்கு" எண்டு பேச்சு. ஆர் அந்தச் சாதாரண சனம்? 2017 இல ஒட்டாவா ஒரு கடன் திட்டம் கொண்டு வந்தது, வாடகைக் கட்டடம் கட்டுற முதலாளிமாருக்கு. நிபந்தனை என்ன தெரியுமோ? கட்டுற வீட்டில அஞ்சில ஒண்டின்ர வாடகை, அந்த ஊர்க் குடும்பங்களின்ர நடு வருமானத்தில 30 வீதத்துக்குக் குறைய இருந்தால் காணும். நல்லாத்தானே கிடக்கு எண்டு தோணுது, என்ன? பொறு. எந்தக் குடும்பங்கள்? வாடகைக்கு இருக்கிற குடும்பங்கள் மட்டும் இல்லை. சொந்தமாய்ப் பெரிய வீடு வைச்சிருக்கிற டொக்ரர், லோயர், பென்ஸ்காரர் எல்லாரையும் சேத்துத்தான் நடு. அப்ப அந்த 30 வீதம் எங்கை போய் நிக்கும்? சந்தை வாடகைக்கு மேலயே போன இடங்களும் இருக்கு. படிச்ச ஆக்கள் கணக்குப் பாத்துச் சத்தம் போட்டினம். ரொறன்ரோ நகரசபைக்கு 2021 இல கொஞ்சம் புத்தி வந்து, வாடகைக்கு இருக்கிறவையின்ர வருமானத்தைப் பாத்து அளவு வைக்கத் தீர்மானிச்சது. இதுக்கு எத்தினை ஆய்வு, எத்தினை கூட்டம், எத்தினை கோப்பி! வாடகை கட்ட ஏலுமோ எண்டு வாடகை கட்டுறவனைத்தான் கேக்கவேணும் எண்டு எங்கட ஒழுங்கையில மாடு மேய்க்கிற பொடியனும் சொல்லியிருப்பான்.

இந்த வகை வீட்டுக்கு எப்பிடிக் கேக்கிறது? அநேகமாய்க் கட்டடம் நடத்துற அமைப்பிட்டை நேராய். புதுக்கட்டடம் திறக்கேக்கை கனக்கப் பேர் கேட்டால் குலுக்கல் போடுவினம். உனக்குச் சீட்டுப் பிடிச்ச அனுபவம் இருக்குத்தானே. இதில தாச்சி காசோட ஓடமாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் உனக்கு முதல் வகைதான் பொருந்தும் எண்டு நான் நினைக்கிறன். அதுக்குத்தான் அந்தப் பெரிய லிஸ்ற்.

நீளத்தைச் சொன்னால் பயப்பிடுவாய். ரொறன்ரோவில மட்டும் 80,000 குடும்பத்துக்கு மேல நிக்குது. ஒரு அறை, ரெண்டு அறை வீட்டுக்குப் பத்து வருஷத்துக்கு மேல காத்திருக்க வேணும். ஏன் இப்பிடி? சனம் பெருகினது ஒரு பக்கம். கட்டாமல் விட்டது மற்றப் பக்கம். இந்த ஊர் ஒரு காலத்தில கட்டின ஊர்தான், மோனை. 1940களின்ர கடைசியில ரீஜென்ற் பார்க்கைக் கட்டேக்கை கனடாவிலயே அப்பிடிப் பெரிய பொதுக் குடியிருப்பு வேறை இல்லை. பேந்தும் கனகாலம் கட்டினவை. 1993 இல ஒட்டாவா புதுச் சமூக வீடுகளுக்குக் காசு குடுக்கிறதை நிப்பாட்டிச்சுது. 1995 இல மைக் ஹரிஸ் ஒன்ராறியோவில ஆட்சிக்கு வந்து, அனுமதி கிடைச்சுக் கட்டத் தயாராய்க் கிடந்த ஆயிரக்கணக்கான வீடுகளையும் வெட்டினார். பேந்து, இருந்த வீடுகளின்ர பாரத்தைத் தூக்கி நகரசபையளின்ர தலையில வைச்சினம். எங்கட சனம் கொத்துக் கொத்தாய் வந்து இறங்கின காலமும் உதுதான். வீடு தேவைப்பட்டவை வந்தினம், கட்டுறவை போட்டினம். பேந்து இருபது வருஷத்துக்கு மேல எல்லாரும் "ஏன் வீடு இல்லை?" எண்டு ஆச்சரியப்பட்டவை. ஆச்சரியப்படுறதுக்கும் ஆணைக்குழு வைச்சினம்.

"பத்து வருஷமோ! அப்ப என்னத்துக்கு அப்பு பதிவான்?" எண்டு கேக்கிறாய் பார், அதுதான் உன்ர மடத்தனம். பனங்கொட்டை தாட்ட கிழவன்மாரை நீ காணேல்லை. ஒவ்வொரு மழைக்கும் காணிக் கரையில கொட்டையைத் தாட்டுப்போட்டுத் தங்கட வேலையைப் பாத்தவை. நுங்கு எப்ப வரும் எண்டு பக்கத்தில குந்திக்கொண்டு இருக்கேல்லை. பதினைஞ்சு இருபது வருஷம் கழிச்சுப் பேரன் நுங்கு குடிச்சான். தாட்டுவைக்காதவன்ர பேரன் வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு பாத்தான். நீ பதிஞ்சாலும் பத்து வருஷம் போகும், பதியாட்டிலும் பத்து வருஷம் போகும். லிஸ்ற்றில உன்ர இடத்தை முடிவு செய்யிறது நீ விண்ணப்பிச்ச திகதி. அழகு, படிப்பு, ஆரின்ர மருமோன் எண்டதெல்லாம் ஒருத்தருக்கும் தேவையில்லை.

ஆரின்ர மருமோன் எண்டவுடன ஞாபகம் வருது. ஸ்காபரோவில ஒரு விண்ணர் இருக்கிறாராம், "எனக்கு உள்ளுக்க ஆள் தெரியும், ஆயிரம் டொலர் தந்தால் லிஸ்ற்றில மேல ஏத்துவன்" எண்டு. அப்பிடி உள்ளுக்க ஆள் தெரிஞ்சவர் ஏன் கடையின்ர பின்பக்கக் களஞ்சியத்துக்குள்ள மேசை போட்டுக்கொண்டு இருக்கிறார்? நீ யோசிக்கமாட்டியோ? விண்ணப்பத்துக்குக் காசு இல்லை. ஒரு சதமும் இல்லை. நகரசபையின்ர இணையத்தளத்தில கணக்குத் திறந்து நீயே போடலாம். இங்கிலீசு விளங்காட்டில் 211 எண்டு மூண்டு இலக்கம் அடி, பக்கத்தில ஆர் இலவசமாய் உதவி செய்வினம் எண்டு சொல்லுவினம், மொழிபெயர்க்கவும் ஆள் பிடிச்சுத் தருவினம். ஆயிரம் டொலர் குடுக்கிறதுக்கு முதல் மூண்டு இலக்கம் அடிக்க விரல் நோகுதோ?

ஆர் கேக்கலாம்? வயசு 16 ஆனால் காணும். குடியுரிமை உள்ளவை, நிரந்தர வதிவிடம் உள்ளவை, அகதிக் கோரிக்கை போட்டவையும் கேக்கலாம். நாடு கடத்தச் சொல்லிக் கட்டளை வந்தவை ஏலாது. முந்தி வேறை ஹவுசிங் வீட்டில இருந்து வாடகை பாக்கி வைச்சிட்டு வந்திருந்தால் அதுக்கு முதல் ஒரு வழி பண்ணவேணும். வருமானத்துக்கு உச்சவரம்பு இருக்கு. மிச்சத்தை ஃபோம் கேக்கும், நீ சொல்லு.

ஃபோம் என்ன கேக்குது எண்டதை விட, எங்கட பேர்தான் பெரிய கரைச்சல். லாண்டிங் பேப்பரில அப்பன்ர பேர் முன்னுக்கு. லைசன்சில பின்னுக்கு. ஹெல்த் காட்டில இடம் காணாமல் அரைப் பேர். வங்கியில முழுப்பேரும் ஒண்டாய் ஒட்டினபடி. கந்தோரில இருக்கிற பிள்ளை நாலு ஆக்கள் எண்டு நினைச்சு நாலு அறை வீடு தருவாள் எண்டு கனவு காணாதை. எல்லாத் தாளையும் ஒரு மேசையில விரி. பேரில எழுத்துப் பிழை இருந்தால் இப்பவே திருத்து. வீடு தாறன் எண்டு கூப்பிடுற அண்டைக்குத் திருத்த நேரம் இருக்காது.

வரித் தாளைப் பற்றி இன்னும் சொல்லவேணும். வருமானமே இல்லாட்டிலும் வரிக் கணக்கைப் போடு. "உழைக்கேல்லை, பேந்தென்ன கணக்கு?" எண்டு கேக்கிறவன் விசரன். அந்தத் தாள் இல்லாமல் வாடகையைக் கணக்குப் பாக்க ஏலாது. ஒவ்வொரு வருஷமும் வரிக் காலத்தில வருமானம் குறைஞ்சவைக்கு இலவசமாய் வரிக் கணக்குப் போட்டுத் தர நூலகங்களிலயும் சமூக நிலையங்களிலயும் தொண்டர்கள் இருப்பினம். கைக்காசு வேலை செய்யிற எங்கட கெட்டிக்காரர் சிலபேர் இருக்கினம். வரிக்காரனுக்கு ஏழை, ஹவுசிங்குக்கு ஏழை, மோட்கேஜ் எடுக்க வங்கிக்குப் போகேக்கை மட்டும் பணக்காரன். மூண்டு தாளும் ஒரு நாள் ஒரு மேசைக்கு வந்தால் தெரியும். சலுகையையும் பறிப்பினம், பழைய காசையும் கட்டச் சொல்லுவினம்.

பதிஞ்சாப் போல வேலை முடிஞ்சுதெண்டு நினைக்காதை. வருஷத்துக்கு ஒருக்கால் "நான் இன்னும் இருக்கிறன், இன்னும் வீடு வேணும்" எண்டு நீ சொல்லவேணும். விலாசம் மாறினால் சொல்லவேணும். பிள்ளை பிறந்தால் சொல்லவேணும். சொல்லாட்டில் பேரை எடுத்திடுவினம். எங்கட சனம் வருஷக்கணக்காய்க் காத்திருந்து கோட்டை விடுறது இந்த இடத்திலதான். கடிதம் வரும். வந்த கடிதத்தைப் பத்திரமாய் வைக்கிறம் எண்டு சாமிப்படத்துக்குப் பின்னால செருகுவினம். பிள்ளையார் இங்கிலீசுக் கடிதம் வாசிச்சுப் பதில் போடுவாரோ? அவருக்கு முன்னால எரியிற விளக்குப் புகையில உறை மஞ்சளாகிறதுதான் மிச்சம். இப்ப ஈமெயிலாம். இன்னும் மோசம். மகன் பத்தாம் வகுப்பில திறந்து குடுத்த ஈமெயில், பாஸ்வேட் அவனுக்கும் மறந்துபோச்சு. ஹவுசிங்குக்கெண்டு ஒரு ஈமெயில் வை, கொப்பியில எழுதி அடுக்களை அலுமாரியின்ர உட்பக்கத்தில ஒட்டு. ஆச்சிக்குத் தெரியிற இடம்.

"எனக்கு மார்க்கத்திலதான் வேணும், கோயில் கிட்ட" எண்டு சொன்னியெல்லோ? ஸ்டீல்ஸ் வீதியில போய் நில். தெற்குப் பக்கம் ரொறன்ரோ. வடக்குப் பக்கம் மார்க்கம். ஒரே றோட்டு, ரெண்டு அரசாங்கம். மார்க்கம் யோர்க் பிராந்தியத்துக்குள்ள வரும், அதுக்கு வேறை லிஸ்ற். ஏஜக்ஸ், பிக்கறிங் எண்டால் டூரம் பிராந்தியம். பிரம்ரன், மிசிசாகா எண்டால் பீல். ரொறன்ரோ லிஸ்ற்றில பதிஞ்சுபோட்டு மார்க்கத்தில வீடு வரும் எண்டு காத்திருக்கிறவன் கோண்டாவில் ஸ்ரேசனில நிண்டுகொண்டு மட்டக்களப்பு ரயில் பாக்கிறான். ஒவ்வொண்டிலயும் தனித்தனியாய்ப் பதியலாம். பதி.

ரொறன்ரோவில இப்ப காலியான வீடுகளை இணையத்தில போடுவினம். எனக்கு விருப்பம் எண்டு நீ சொல்லவேணும். விருப்பம் சொன்னவையில முந்திப் பதிஞ்சவைக்கு முதலிடம். கவனமாய்க் கேள், இதுதான் முள்ளுள்ள இடம்: வீடு தாறம் எண்டு கூப்பிட்ட பிறகு வேண்டாம் எண்டால் லிஸ்ற்றில இருந்து பேர் போகும். ஒருக்கால் வேண்டாம் எண்டால் காணும். இப்ப உதுதான் சட்டம். முந்தி மூண்டு தரம் தலையாட்டலாம். அந்த ராசகாலம் போச்சு.

அதால விருப்பம் அமத்திறதுக்கு முதல் போய்க் கட்டடத்தைப் பார். பஸ் எங்கை நிக்குது, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், லிஃப்ற் வேலை செய்யுதோ எண்டு பார். பழைய கட்டடங்கள், லிஃப்ற் கோவிச்சுக்கொண்டு நிக்கிறது வழக்கம். 2019 இல திருத்த வேலைக்கு ஒட்டாவா நூறு கோடிக்கு மேல தாறன் எண்டு சொன்னது. லிஃப்ற்றுக்கு அந்தச் செய்தி போய்ச் சேந்துதோ தெரியாது. நீ எதைப் பாக்கிறாய்? வாஸ்து. தெற்கு வாசல் கூடாதாம். பதின்மூண்டாம் மாடி கூடாதாம். அடுக்களை அக்கினி மூலையில வரவேணுமாம். அத்தோட பூசை அறை. எத்தினை பேருக்கு எத்தினை அறை எண்டு நகரசபை ஒரு கணக்கு வைச்சிருக்கு. அதில பிள்ளையாரைக் குடும்ப அங்கத்தவராய்ச் சேக்கேல்லை. உடுப்பு அலுமாரியின்ர மேல் தட்டு அவருக்குக் காணும். ஊரில மரத்தடியில இருந்தவர்தானே.

ஒரு விசயத்தில முசுப்பாத்தி வேண்டாம். வீட்டில அடி உதை வாங்கிக்கொண்டு இருக்கிற பிள்ளையள் இருக்கினம். "ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவன், விட்டால் திருப்பி அனுப்பிடுவான்" எண்டு பயந்து வாயைத் திறக்காமல் இருக்கினம். அவைக்கு இந்த லிஸ்ற்றில விசேட முன்னுரிமை இருக்கு, எல்லாருக்கும் முன்னால. டொக்ரர், சமூக சேவையாளர், லோயர் எண்டு ஆராவது ஒருத்தர் எழுதித் தந்தால் காணும். உன்ர வட்டத்தில அப்பிடி ஆரும் இருந்தால் இதைக் காதில போடு. "குடும்ப மானம்" எண்டு சொல்லி நடுவில புகுந்து பஞ்சாயத்து வைக்கப் போகாதை.

வயசான ஆக்களுக்கும் தனிக் கட்டடங்கள் இருக்கு. 2022 ஆனியில இருந்து அதுக்கெண்டு தனி நிறுவனம், ரொறன்ரோ முதியோர் வீடமைப்பு நிறுவனம், 83 கட்டடம். 59 வயசானால் கேக்கலாம். இதைச் சொன்னால் எங்கட பிள்ளையளுக்கு மூஞ்சை சுருங்கும். "அப்புவை ஆச்சியை ஹவுசிங்குக்கு அனுப்பிட்டாங்கள் எண்டு சனம் சொல்லும்" எண்டு. சனம் என்னத்தைச் சொன்னாலும், பேரப்பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்து, சமைச்சு, பனி தள்ளுற வேலைக்குச் சம்பளம் குடுக்கவேணும் எண்டால் மாசம் எவ்வளவு வரும் எண்டு பிள்ளையள் கணக்குப் பாத்திருப்பினம். நானும் ஆச்சியும் எப்பவோ பதிஞ்சாச்சு. மகனுக்குத் தெரியாது. நீயும் சொல்லாதை. தனிக் குசினி, தனி ரீவி, ரிமோட் என்ர கையில. இந்த வயசில வேறை என்ன ராச்சியம் வேணும்?

இன்னொண்டு. கனடா–ஒன்ராறியோ வீட்டு உதவித்தொகை எண்டு 2020 இல இருந்து ஒரு காசு வருது. வாடகைக்கு நேராய் உன்ர கையில தாறது. நீ போய்க் கேட்டு எடுக்க ஏலாது, அவை பாத்துக் கூப்பிடவேணும். கூப்பிட்டால் சந்தோசத்தில துள்ளிக் கையெழுத்துப் போடாதை. அந்தக் காசை எடுத்தால் லிஸ்ற்றில இருந்து பேரை எடுக்கச் சம்மதிக்கவேணும். நெருக்கடியில நிக்கிறவன் யோசியாமல் எடுக்கட்டும். இன்னும் ஒரு வருஷத்தில வீடு வரும் போல நிக்கிறவன் ஒரு இரவு நித்திரை கொண்டு எழும்பிப் பேந்து முடிவெடுக்கட்டும்.

கூட்டுறவு வீடுகளும் இருக்கு, கோ-ஒப் எண்டு சொல்லுறது. அங்கை நேராய்ப் போய்க் கேக்கவேணும், சில இடத்தில லிஸ்ற்றே மூடிக் கிடக்கும், திறக்கிற நாளைக் காத்திருக்கவேணும். உள்ளுக்க போனால் நீ வாடகைக்காரன் இல்லை, அங்கத்தவன். கூட்டத்துக்குப் போகவேணும், தோட்டம் துப்புரவு எண்டு ஏதும் ஒரு வேலையில கை குடுக்கவேணும். கூட்டத்தில கதைக்க எங்கட ஆக்களுக்கு நல்ல விருப்பம். துப்புரவு எண்டால்தான் நாரிப்பிடிப்பு வரும்.

சரி, லிஸ்ற்றில பதிஞ்சாச்சு. வீடு வரும் மட்டும் எங்கை இருப்பாய்? அதே பேஸ்மென்றிலதானே. அப்ப அந்த பேஸ்மென்றின்ர சட்டத்தையும் அறிஞ்சு வை. அது ஆற்றை? சித்தப்பாவின்ர. ஓ, அதுதான் சிக்கல். வீட்டுக்காரனோடயோ அவன்ர மனிசி, பிள்ளை, தாய் தேப்பனோடயோ ஒரே குசினியையோ ஒரே குளியலறையையோ பாவிச்சால் வாடகைச் சட்டம் உன்னைக் காப்பாத்தாது. உனக்குத் தனிக் குசினி, தனிக் குளியலறை இருந்தால் நீ முழு வாடகைக்காரன், சித்தப்பா முழு வீட்டுக்காரன். வாடகை கூட்டுறதெண்டால் பன்னிரண்டு மாசத்துக்கு ஒருக்கால்தான், 90 நாளுக்கு முதல் எழுத்தில தரவேணும், அரசாங்கம் சொல்லுற வீதத்துக்கு மேல கூட்ட ஏலாது. 2025 க்கு 2.5 வீதம், 2026 க்கு 2.1. ஆனால் 2018 கார்த்திகை 15 க்குப் பிறகு முதல் முதல் ஆக்கள் குடிவந்த வீடெண்டால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மகனுக்குக் கலியாணம், கீழ்வீடு வேணும் எண்டால் எழுத்தில 60 நாள் தவணையும் ஒரு மாச வாடகைக் காசும் உனக்குத் தரவேணும். "வீடு பழுதானால் பிடிச்சுக்கொள்ளுறன்" எண்டு முற்பணம் கேக்கிறது சட்டத்தில இல்லை, கடைசி மாச வாடகை ஒண்டுதான் கேக்கலாம்.

ரசீது வாங்கிறனியோ? இல்லையோ? "சொந்தத்துக்குள்ள என்ன ரசீது?" எண்டாரோ? நீ கேட்டால் அவர் காசில்லாமல் ரசீது தரவேணும், அது சட்டம். கட்டின வாடகையை வரிக் கணக்கில காட்டினால் ஒன்ராறியோ உனக்குக் கொஞ்சக் காசு திருப்பித் தரும், அதுக்கு ரசீது வேணும். அவர் ஏன் தரமாட்டன் எண்டு நிக்கிறார் எண்டு உனக்கு விளங்கேல்லையோ? கீழ்வீட்டில ஆள் இருக்கிற கதை வரிக்காரனுக்கு இன்னும் போகேல்லை.

நாளைக்குப் போய்க் கேள். மரியாதையாய்க் கேள், "சித்தப்பா, வருஷத்துக்கு ஒண்டு காணும்" எண்டு. சித்தப்பா இருமுவார். சித்தி கோவிப்பா. கோவிச்சுக்கொண்டு வாற மாசம் மகளின்ர பேத்டே பார்ட்டிக்கு உன்னைக் கூப்பிடமாட்டா. ஒரு என்வலப் காசு மிச்சம்.